போர்வையால் நிற்காத குளிர் நடுக்கம்
கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் காட்டு வேலைக்குப் போகும், சர்க்கரை நோயுள்ள உங்கள் அம்மாவுக்கு மூன்று நாளாகக் குளிர் நடுக்கம் வருவதாகவும், ஜமுக்காளம் போர்த்திச் சுக்குக் காப்பி கொடுத்தும் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும் என்பதால், நடுக்கம் வந்ததும் முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து நினைவும் தெளிவாக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாராசிட்டமால் சூட்டைத் தணிக்குமே தவிர தொற்றைத் தீர்க்காது. சிறுநீர் எரிச்சல் உண்டா என்று கேளுங்கள். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால், அது ஒருவகைச் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் நன்றாகக் கேட்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தயவுசெய்து கொடுக்காமல், இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பேச்சு குழறினாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.