இரவு ரெண்டு இட்லிதான், காலையில் சுகர் 170 ஏன்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மா இரவு ரெண்டு இட்லியோடு நிறுத்தியும், வெறும் வயிற்றில் 170 காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று நினைக்காதீர்கள். அந்தச் சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலிலிருந்து வருகிறது.

தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல் அதை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். போதும் என்று அதைத் தடுப்பது கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின். டைப் 2 சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு அந்தச் சுரப்பும் போதாது, கல்லீரலும் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் வேறு ஏறி, சர்க்கரையைக் கூட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை முக்கியமாக இந்தக் கல்லீரல் உற்பத்தியைத்தான் குறைக்கிறது.

அதனால் அந்த ரெண்டு இட்லியையும் நிறுத்திவிடாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுபவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கி விழலாம். எனக்கு அதுதான் பெரிய பயம். சாப்பிட்டதும் தெருவிலேயே 15 நிமிடம் நடக்கட்டும். அப்புறம் படுக்கும் முன், அதிகாலை 3 மணி, எழுந்ததும் என்று ரெண்டு மூன்று நாள் சுகர் பார்த்து, நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். படுக்கும்போதே கூடுதலா, விடியலில் மட்டும் ஏறுகிறதா என்பதைப் பொறுத்து மருந்தை மாற்றுவார்.