டவர் எடுக்காத ஹட்டியில் டிஜிட்டல் ஆய்வு: வாசகர் கேள்வி – பதில்

சமூகவியல், கணினி அறிவியல் துறைகள் சேர்ந்து சிறு தேயிலை விவசாயிகளின் செல்போன் புழக்கத்தை ஆராய்கிறோம். கூகுள் படிவத்தோடு போனால் பாதி ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) டவரே எடுக்கவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், கோத்தகிரி

கூகுள் படிவத்துக்கு இணையம் வேண்டும். இணையம் இல்லாமலும் விடைகளைப் பதியும் கோபோடூல்பாக்ஸ் அல்லது ஓடிகே செயலிக்கு மாறுங்கள். படிவத்தை எக்செல்லிலேயே எழுதலாம்: ‘சர்வே’ தாளில் கேள்விகள், ‘சாய்சஸ்’ தாளில் விடைகள். கேள்வி தமிழில் இருக்கட்டும். கேள்விக்கு உள்பெயர் தரும் ‘நேம்’ பத்தியில் (நெடுவரிசையில்) மட்டும் இடைவெளியில்லாத ஆங்கில எழுத்துகள். கிளம்பும் முன்பே வைஃபையில் ஒவ்வொரு போனிலும் படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். நிரப்பியதை ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் (முடிந்தது என்று உறுதிசெய்யாமல்) வரைவாக விட்டால், மாலையில் டவர் வந்தாலும் அது சர்வருக்குப் போகாது. தரவு தொலைந்தது என்று பதறும் முன் வரைவுப் பெட்டியைப் பாருங்கள். பாதி வேலையில் ‘நேம்’ மாற்றவே கூடாது. பழைய விடைகள் ஒரு பத்தி, புதியவை இன்னொரு பத்தி என்று பிரிந்துவிடும்.

ஜிபிஎஸ் புள்ளியை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். வாசலுக்கு வந்து, துல்லியம் 10 மீட்டருக்குள் இறங்கும்வரை நில்லுங்கள். டவர் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் விவரத்தைப் போன் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். முதல் புள்ளிக்குச் சில நிமிடம் ஆகும். பிறகு பரப்பளவு கணக்கிடும்போது க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில், மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீலகிரி, பழனிமலை இரண்டுக்கும் அதுவே பொருந்தும்.

நான்கு மாணவர்கள் தட்டச்சு செய்த பட்டியல்களை இணைத்தால், ‘கொடைக்கானல்’ என்ற ஒரே ஊர் இரண்டு ஊராக வருகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை! – வாசகர், கொடைக்கானல்

கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். யூனிகோடில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா தொகுதியில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ முறையில் ஓடவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் ‘கௌரி’யை ‘கெளரி’ என்று கொம்பும் ளகரமும் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சி-யால் பிடிக்க முடியாது. கண்மூடித்தனமாக மாற்றவும் முடியாது. ‘வெள்ளி’யிலும் அதே கொம்பும் ளகரமும்தானே இருக்கின்றன! பட்டியல் எடுத்து ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும். சொல்லின் கடைசியில் ஒட்டிய வெற்றிடத்தையும் நீக்குங்கள். இதையெல்லாம் விட நல்லது, ஊர்ப் பெயரைத் தட்டச்சே செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையை) எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் குதறப்பட்டு வரலாம். ‘டேட்டா’ பகுதி வழியே இறக்குமதி செய்து, எழுத்துக் குறியாக்கமாக 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தோடர் மொழிப் பேச்சை வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்கினால் போதுமா? – வாசகர், ஊட்டி

செய்தி அறிய மட்டும் போதும். ஒலியாய்வுக்கு உதவாது. தோடர் மொழியில் நான்கு வகை ‘ஸ’ ஒலிகள் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு தங்கியிருக்கும் உயர் அதிர்வெண்களைத்தான், கோப்பின் அளவைச் சுருக்கும்போது வாட்ஸ்அப் வெட்டுகிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். பேச்சை எழுத்தாக்க உதவும் இலான் மென்பொருள் இலவசம்.

பெயரை நீக்கிவிட்டுத் தரவை வெளியிடலாமா? – வாசகர், கூடலூர்

உங்கள் மாவட்டத்தில் கூடாது. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2 ஆயிரம் பேர்தான். ‘இந்த மந்து (தோடர் குடியிருப்பு), வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்றால் பெயர் எதற்கு? அக்கம்பக்கத்தார் உடனே சொல்லிவிடுவார்கள். வயதைப் பத்தாண்டுக் கட்டங்களாக்குங்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுக்களை அட்டவணையில் வேறு குழுவோடு சேர்த்துவிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் புள்ளி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் மறையும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலைச்சரிவில் அதுகூடப் போதாது, ஊராட்சி அளவோடு நிறுத்துங்கள். புகைப்படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ‘எக்ஸிஃப்’ குறிப்பில் இருப்பிடம் பதிந்திருக்கலாம். பகிரும் முன் அதை அழித்துவிடுங்கள். குரலே ஒரு அடையாளம் என்பதால் ஒலிப்பதிவை வெளியிடத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். பெயரையும் பங்கேற்பாளர் எண்ணையும் இணைக்கும் சாவிக் கோப்பை வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டி, தரவு இருக்கும் மடிக்கணினியில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.