கூப்பிடாமல் போகலாமா?

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து பேர். 1982இல் மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது ஆளுக்கொரு ஊர். தென்காசியில் இருக்கும் தோழி, கணவர் இறந்து ஐந்து மாதமாக எங்கள் வாட்ஸப் குழுவில் எதற்கும் பதில் போடுவதில்லை. போன் செய்தால், "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிடுகிறாள். நேரில் போகலாம் என்றால் என் மகன், "அவங்க தனியா இருக்க நினைக்கலாம்ல, கூப்பிடாம எப்படிம்மா போவ?" என்கிறான். அவன் சொல்வதும் சரிதானோ? போகலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

போங்கள். இந்த வாரமே போங்கள்.

உங்கள் மகன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் நாகரிகம், வெறும் அறிமுகமானவர்களுக்கு உரியது. திருக்குறளில் நட்புக்கு ஐந்து அதிகாரங்கள். அதில் நீண்டகால நட்புக்கென்றே 'பழைமை' என்று ஒன்று இருக்கிறது. "விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையாற் கேளாது நட்டார் செயின்." உரிமையோடு நண்பர் கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால், அதையும் விரும்பி ஏற்பார்கள். கேளாது! உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நம் இலக்கியம் கொண்டாடிய நட்பு பெரும்பாலும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் போன்ற ஆண்களுடையது. பெண்ணுக்குத் தோழி உண்டு. ஆனால் தொல்காப்பியம் அவளைச் செவிலியின், அதாவது வளர்ப்புத்தாயின், மகள் என்கிறது. வீட்டோடு வந்தவள். வேறு ஊர், வேறு சாதி, வேறு வீட்டுச் சாப்பாடு என்று வளர்ந்த ஒருத்தியைத் தானே தேர்ந்தெடுத்துத் தோழியாக்கிக்கொள்ள, நம் பெண்களில் பலருக்குக் கல்லூரி வரவேண்டியிருந்தது. சென்னையில் ராணி மேரி கல்லூரி தொடங்கியதே 1914இல்தான். என் பாட்டிக்கு நாத்தனாரும் ஓரகத்தியும் இருந்தார்கள்; அவரே தேடிக்கொண்ட தோழி என்று ஒருத்தி இல்லை. அதனால்தான் உங்கள் ஐவர் நட்பை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

கிடைத்ததைக் காப்பாற்றுவதும் லேசாக இல்லை. கல்யாணமானதும் இனிஷியல் மாறும், ஊர் மாறும். அப்போதெல்லாம் வீட்டு போன் கணவர் பெயரில்தான் இருக்கும். அவர் பெயர் தெரியாவிட்டால் டைரக்டரியைப் புரட்டியும் பயனில்லை. இப்படி ஒரு தோழியைப் பதினான்கு வருடம் தொலைத்தேன். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் கேட்ட சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவள்தான், என் அம்மா இறந்தபோது நான் வரவேண்டாம் என்று சொல்லியும் வந்தவள். விடியற்காலையில் பையோடு வாசலில் நின்றாள். ஒன்பது நாள் இருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்ன நினைவில்லை. அம்மாவின் மருந்துப் பெட்டியை நான் பார்க்காத நேரத்தில் காலிசெய்து வைத்தாள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோல் என்னைத் தரையில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நால்வரும் சேர்ந்து போகாதீர்கள். துஷ்டி கேட்க வந்த கூட்டம் மாதிரி ஆகிவிடும். பாவம், அவள் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். நீங்கள் மட்டும் போய் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். வந்தவர் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பாள். அவள் தூங்கினால் தூங்கட்டும். நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே போன் செய்து "வரட்டுமா" என்று கேட்க வேண்டாம். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். பஸ் மதுரையைத் தாண்டியதும் கூப்பிட்டு, "வந்துக்கிட்டிருக்கேன்டி, எனக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போடு" என்று சொல்லுங்கள்.