சுவிட்சைப் போடுவதற்கு முன்: எண்பதுகளின் வீட்டுக் கணினிகள் – வாசகர் கேள்வி பதில்

பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரிப்பது, பழுதுபார்ப்பது பற்றிய கேள்விகள் பலவும் சுற்றி வந்து பவர் சப்ளையில்தான் முடிகின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: பரணில் பல வருடம் கிடந்த காமடோர் 64 ஒன்று, அதன் பழைய அடாப்டரோடு கிடைத்திருக்கிறது. செருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கணினி இன்னும் உயிரோடு இருக்கலாம். அதைக் கொல்லப்போவது அந்த அடாப்டராக இருக்கும். 1982இல் வந்த இந்தக் கணினிக்கு 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி என இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும். 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எபாக்ஸி ஊற்றி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. சூடு வெளியே போக வழியில்லை, திறந்து சரிசெய்யவும் வழியில்லை. அது பழுதாகும்போது மின்சாரம் நின்றுபோனால் நல்லது. ஆனால் பெரும்பாலும் வோல்ட் ஏறிவிடுகிறது. அப்போது முதல் பலி நினைவகச் சிப்கள்.

மல்டிமீட்டரை எடுத்து, வட்டமான 7 முனை ‘டின்’ (DIN) பிளக்கில் 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 6, 7 ஆகிய முனைகளுக்கு இடையே 9 வோல்ட் ஏசி. சுமை இல்லாதபோது சற்றுக் கூடுதலாகவே காட்டும், பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா அளப்பது மட்டும் போதாது. ஆறியிருக்கும்போது ஒழுங்காக 5 காட்டிவிட்டு, சூடான பிறகு ஏறும் அடாப்டர்கள் உண்டு. 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் முனைகளில் இணைத்தால் 1 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் அப்படியே விட்டு, இடையிடையே அளங்கள். ரெசிஸ்டர் கையைச் சுடும். பீங்கான் ஓட்டின் மேல் வைப்பது நல்லது. 5.25ஐத் தாண்டினால் அடாப்டர் குப்பைக்கு.

தேறிவிட்டால்? அப்போதும் நாங்கள் அதை நம்பமாட்டோம். இன்று தேறியது அடுத்த மாதம் தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புதிதாகச் செய்த சப்ளை ஒன்றை வாங்குங்கள். குறைந்தபட்சம், வோல்ட் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று ஒன்றை நடுவில் போடுங்கள்.

கேள்வி: புது சப்ளை போட்டாயிற்று. சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. எந்தச் சிப் போயிருக்கும்?

பதில்: சிப்பைக் குறைசொல்வதற்கு முன் ஃப்யூஸைப் பாருங்கள். அந்த விளக்கு 5 வோல்ட்டில் எரிவது. 9 வோல்ட் ஏசி உள்ளே வந்ததா என்பதை அது சொல்லாது. போர்டில் இருக்கும் 1.5 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருந்தால், பழைய போர்டுகளில் வீடியோ சிப்புக்கு வேண்டிய 12 வோல்ட் உருவாகாது. விளக்கு எரியும், திரை இருட்டாகவே இருக்கும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் அடுத்து 4164 நினைவகச் சிப்கள் எட்டு. ஒவ்வொன்றிலும் 8ஆம் காலுக்கும் 16ஆம் காலுக்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா? வந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, விரலால் தொட்டு எட்டையும் ஒப்பிடுங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுவே முதல் சந்தேகம். மைக்ரான் தயாரித்த, ‘எம்டி’ என்று தொடங்கும் எண் போட்ட சிப்கள் இந்தப் போர்டுகளில் அடிக்கடி போகின்றன. வீடியோ சிப், 6581 ஒலிச் சிப், பிஎல்ஏ (எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் சிப்) மூன்றும் இயல்பிலேயே சூடாகுபவை. அவற்றின் சூட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நல்ல 4164 ஒன்றைச் சந்தேகச் சிப்பின் முதுகில், காலோடு கால் தொடும்படி அழுத்தி வைத்து இயக்கிப் பார்ப்பது பழைய உத்தி. திரை உயிர் பெற்றால் அந்தச் சிப்தான் கோளாறு. உயிர் பெறாவிட்டால் அது நல்ல சிப் என்று அர்த்தமில்லை: உள்ளே ஷார்ட் ஆன சிப்பை இந்த உத்தி காட்டிக்கொடுக்காது. ‘டெட் டெஸ்ட்’ கார்ட்ரிட்ஜ் இருந்தால் வேலை சுலபம். கணினியின் சொந்த ராமையோ ரோமையோ நம்பாமல் அது இயங்கும்; திரை மின்னும் எண்ணிக்கையை வைத்து எந்தச் சிப் என்று தெரிந்துகொள்ளலாம்.

நினைவகம் நன்றாக இருந்தால் அடுத்தது பிஎல்ஏ. இந்தக் கணினியில் மிக அடிக்கடி சாகும் சிப்களில் அதுவும் ஒன்று. புதிதாகச் செய்த மாற்றுகள் கிடைக்கின்றன.

சிப்பை எடுக்கும்போது முழுதாகப் பிடுங்க முயலாதீர்கள். கால்களை உடலோரமாக வெட்டி, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுங்கள். கெட்டுப்போன சிப்பைக் காப்பாற்றி என்ன பயன்? காப்பாற்ற வேண்டியது போர்டில் உள்ள செம்புத் தடத்தை. காலியான இடத்தில் 16 முனை சாக்கெட் வைத்துப் புதியதைச் செருகுங்கள். திரையில் 38911 பைட்டுகள் என்ற வரி வந்தால் நினைவகம் தேறிவிட்டது.

படம் வந்து, கீபோர்டோ ஜாய்ஸ்டிக்கோ வேலை செய்யாவிட்டால் 6526 சிப்பைப் பாருங்கள். ஜாய்ஸ்டிக் சாக்கெட்டின் வெறும் முனைகளை விரலால் தொட்டாலே நிலைமின்சாரம் பாய்ந்து அது போகலாம்.

கேள்வி: இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் அடாப்டர் எதுவானாலும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், கொன்றும்விடும். ஸ்பெக்ட்ரம் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடுமுனை பாசிட்டிவ். இதை உறுதிசெய்யாமல் செருகவே கூடாது.

இந்தக் கணினியின் பலவீனம் வேறிடத்தில். கீழ் 16 கே நினைவகத்தில் இருக்கும் 4116 சிப்களுக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். பின்பக்க இணைப்பியில் ஏதாவதொன்றை மின்சாரம் ஓடும்போதே செருகினால், அல்லது செருகியது ஆடினால், இவற்றை உருவாக்கும் சுற்றில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டர் போகும். -5 நின்று +12 மட்டும் தொடர்ந்தால் 4116கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். ஆகவே, திரையில் 1982 என்ற ஆண்டோடு வரும் காப்புரிமை வரிக்குப் பதில் கட்டங்களும் கோடுகளும் நின்றால், எந்த 4116இலும் 1ஆம் காலில் -5, 8இல் +12, 9இல் +5 இருக்கிறதா என்று பாருங்கள். 16ஆம் கால் தரை (கிரவுண்ட்). ஏதாவது குறைந்தால் டிஆர்4 இடத்தில் புதிய இசட்டிஎக்ஸ்650 போடுங்கள், பக்கத்தில் உள்ள டிஆர்5ஐயும் (இசட்டிஎக்ஸ்213) மாற்றிவிடுங்கள். மின்னழுத்தம் மூன்றும் திரும்பிய பிறகே நினைவகச் சிப்களை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் புதிய சிப்களும் சாகும்.

விசை வரிசைகளில் சில மட்டும் செத்திருந்தால் விசைகளுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தாளான மெம்பிரேனின் பட்டை ஒடிந்திருக்கும். வயதான பட்டை அப்பளம்போல் நொறுங்கும். ஒட்டுவதற்கு முயல வேண்டாம், புதியது போடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது மேல்மூடியை விருட்டென்று தூக்கினால் நல்ல பட்டையும் கிழியும்.

கேள்வி: பிபிசி மைக்ரோ அழகாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பட்டாசுச் சத்தம், நாற்றமடிக்கும் புகை. ஆனால் கணினி இன்னும் ஓடுகிறது! என்ன நடந்தது?

பதில்: பவர் சப்ளையில் உள்ள ரிஃபா கெப்பாசிட்டர். மஞ்சள் நிறத்தில் உள்ளே தெரியும்படி இருக்கும். உற்றுப் பார்த்தால் மேலே மயிரிழை விரிசல்கள் தெரியும். அந்த விரிசல் வழியாக ஈரம் உள்ளே உள்ள காகிதத்துக்குப் போகிறது. மின்சாரம் பாய்ந்ததும் எரிகிறது. அதன் வேலை மின்னிரைச்சலை வடிகட்டுவது மட்டுமே, அதனால் கணினி ஓடுகிறது. அதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று என இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது ‘எக்ஸ்2’ வகையாக இருக்க வேண்டும். வேறு வகை அளவில் பொருந்தலாம். ஆனால் மெயின்ஸ் கம்பிகளுக்குக் குறுக்கே இருந்து பாதுகாப்பாகச் சாவதற்கென்றே செய்யப்பட்டது எக்ஸ்2.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த முனைகளோடு பத்து விநாடி அதன் குறுக்கே வையுங்கள். பிறகு மீட்டரால் பூஜ்யம் என்று உறுதிசெய்துவிட்டுக் கை வையுங்கள். ஆப்பிள் 2இ வைத்திருப்பவர்களும் தங்கள் சப்ளையைத் திறந்து இதே மஞ்சள் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கேள்வி: எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

பதில்: எண்பதுகளின் போர்டுகளில் அது தேவையில்லாத வேலை. அவசரக் கையால் பெயர்ந்த செம்புத் தடங்கள்தான் கெட்டுப்போன கெப்பாசிட்டர்களைவிட அதிகச் சேதம் செய்திருக்கின்றன. உப்பியது, கசிந்தது, சாலிடரிங் செய்யும்போது மீன் நாற்றமடிப்பது ஆகியவற்றை மாற்றுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அமிகா 600, 1200 விஷயம் வேறு; அவற்றில் மேற்பரப்பில் ஒட்டிய கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிக்கும், கண்டிப்பாக மாற்ற வேண்டும்.

கேள்வி: அமிகா 2000இன் போர்டில் பேட்டரியைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பூத்திருக்கிறது.

பதில்: நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்த காரம் அது. முதலில் பேட்டரியை வெட்டி எடுங்கள். காரத்தை முறிக்க வெள்ளை வினிகரைப் பஞ்சுக்குச்சியால் தடவி, நுரைப்பது அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். வினிகரை அப்படியே விட்டால் அதுவும் அரிக்கும். கறுத்த தடங்களை மீட்டரின் பீப் ஒலியால் ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போடுங்கள். சாக்கெட்டுக்குள் காரம் போயிருந்தால் சாக்கெட்டையே மாற்றுவதுதான் வழி.

அந்த இடத்தில் நாணய வடிவ லித்தியம் பேட்டரி வைப்பதானால் ஒரு டையோடு அவசியம். பழைய சுற்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும். இந்த லித்தியம் அதைத் தாங்காது. கடிகாரம் தேவையில்லை என்றால் பேட்டரியே வேண்டாம். அமிகா 500இன் ஏ501 நினைவக அட்டை வைத்திருப்பவர்கள் அதன் தகர உறையைத் திறந்து பாருங்கள். உள்ளேயும் இதே பேட்டரிதான்.

கேள்வி: மஞ்சளாகிப்போன பெட்டியைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மஞ்சள் ஒரு பழுதில்லை. சீராக மஞ்சளான பெட்டியைத் தொடாமல் விடுவதே எங்கள் கருத்து. திட்டுத்திட்டாக இருந்தால் முயலலாம்.

12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் வேண்டும். முடிக்குச் சாயம் போடுபவர்கள் ‘40 வால்யூம்’ என்பார்கள். திருகு, ஸ்பிரிங், பெயர்ப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, உலர்ந்ததும் கிரீமைப் பிரஷ்ஷால் பூசி, கிளிங் ஃபிலிம் சுற்றி வெயிலில் வையுங்கள். வெற்றியும் தோல்வியும் இனி உங்கள் பொறுமையில்: அரை மணிக்கு ஒருமுறை ஃபிலிமுக்கு மேலேயே தேய்த்துக் கிரீமை நகர்த்தி, பெட்டியைத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் காய்ந்துவிட்டால் பளிங்குக் கல்லில் இருப்பதுபோல் வெள்ளை வரிகள் விழும், அவை போகா. பழைய நிறம் ஏறக்குறைய வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் விட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மிச்சக் கிரீமை இறுக்கி மூடிய பாட்டிலில் வெயிலில் விடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

எழுத்து மேலே அச்சிடப்பட்ட விசைகளைச் சேர்க்க வேண்டாம், அச்சு வெளுக்கலாம். சில பெட்டிகள் இருட்டில் வைத்தாலும் சில வருடங்களில் மறுபடி மஞ்சளாகும்.

கேள்வி: கூடவே ஒரு பெட்டி நிறைய கேசட்டும் ஃபிளாப்பியும் வந்தன. டிரைவில் போட்டுப் பார்க்கட்டுமா?

பதில்: முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். ஃபிளாப்பியின் ஜன்னலில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஒரு டிஸ்க்கைப் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்த பத்தையும் கீறும். உறையின் ஓரத்தை வெட்டித் தட்டை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் துளி சோப்போடு அலசி, வடித்த நீரில் கழுவி, உலர்த்தி, வேறு உறையில் போட்டுப் படியெடுங்கள். எழுத்துத் தடுப்பை (டிஸ்க்கில் புதிதாக எதுவும் பதியாமல் தடுப்பதை) மறக்க வேண்டாம்: 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை மூடினால் தடுப்பு, 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் தடுப்பு. காமடோர் டிஸ்க்குகளைச் சாதாரண பிசி கன்ட்ரோலர் படிக்காது, பதிவு முறையே வேறு. காந்த மாற்றங்களை அப்படியே பதியும் கிரீஸ்வீசில் போன்ற கருவி வேண்டும்.

கேசட் பிளேயரின் பெல்ட் தாராக உருகியிருக்கும். ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்த பிறகே புதியது போடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகின் இப்போதைய நிலையைக் குறித்துவைத்துவிட்டு, கூர்மையான ஒலி அதிகம் கேட்கும் இடம்வரை மெல்லத் திருப்புங்கள். 44,100 ஹெர்ட்ஸில், சுருக்காத கோப்பாகப் பதியுங்கள், எம்பி3 வேண்டாம்.

கேள்வி: புதிய டிவியில் காமடோரின் படம் மங்கல்.

பதில்: ஆன்டெனா சாக்கெட்டை விட்டுவிட்டு 8 முனை வீடியோ சாக்கெட்டிலிருந்து எஸ்-வீடியோ எடுங்கள், அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும்: 1ஆம் முனை லூமா (வெளிச்சம்), 6 குரோமா (நிறம்), 2 தரை. குரோமா தேவைக்கு மேல் வலுவாக இருக்கும். அந்தக் கம்பியில் 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். தொடக்க காலக் கணினிகளில் 5 முனை சாக்கெட்தான், குரோமா கிடையாது.

கேள்வி: சரிசெய்த கணினிகளை எப்படி எடுத்து வைப்பது?

பதில்: பேட்டரி எதையும் உள்ளே விடாமல், உலர்ந்த இடத்தில். ஒயரை மட்டும் பெட்டியின் மேல் சுற்றி வைக்காதீர்கள். ஒயரின் பிவிசியிலிருந்து கசியும் மென்மையாக்கி, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்து வரி பதிக்கும். அதற்குப் பெராக்சைடும் உதவாது. ஒயர்களைத் தனிப் பையில் போடுங்கள்.