குன்னூர் கடைக்கு ஸ்விட்ச் 2: பத்து வேண்டாம், இரண்டு போதும்

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கன்சோலை சீசனுக்குப் பத்து எடுக்கலாமா என்றீர்கள். இரண்டு எடுங்கள். மீதி, வாடிக்கையாளரிடம் முன்பணம் வந்த பிறகு.

முதல் வார எண்ணிக்கைதான் உங்களைக் குழப்பியிருக்கும். 2025 ஜூனில் நான்கே நாளில் 35 லட்சம் விற்றது உண்மை. ஆனால் அது காத்திருந்த ரசிகர்கள் வாங்கியது. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களையே பாருங்கள்: 10 கோடிக்கு மேல் விற்ற வீ-க்கு (Wii) அடுத்து வந்த வீ யூ (Wii U), 1.36 கோடியைக்கூடத் தாண்டவில்லை.

பழைய ஸ்விட்ச் வாங்கியவர்களுக்கு போன் போட்டு, கடைசியாக எப்போது கேம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். தொடர்ந்து கேம் வாங்குபவர்தான் அடுத்த கன்சோலும் வாங்குவார். வர்க்கியும் டீத்தூளும் வாங்க வரும் சுற்றுலாக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்விட்ச் 2-ஐ மழையில் கரண்ட் போனாலும் கையில் வைத்து ஆடலாம். மலையில் அது பெரிய பலம்.

ஒரு எச்சரிக்கை: நின்டெண்டோவுக்கு இந்தியாவில் நேரடி விற்பனை இல்லை. பழுதானால் வாடிக்கையாளர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.