மார்கழிக் குளிரும் நாய்களும்: உங்கள் கேள்விகள்

காட்பாடி வாசகர்: நான்கு வயது லேப்ரடார். விடியற்காலை வாக்கிங்குக்கு ஸ்வெட்டர் போடலாமா?

வேண்டாம். வேலூரில் மார்கழி விடியலில் சுமார் 18 டிகிரி இருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் மீனவர்களோடு பனித்தண்ணீரில் இறங்கிப் பழகிய வம்சம் அது. இரட்டை ரோமம் வேறு. போட்ட ஸ்வெட்டரைப் பத்து மணி வெயிலிலும் கழற்றாமல் விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அத்தனாவூர், ஏலகிரி: தோட்டக் காவலுக்குச் சிப்பிப்பாறை. இரவில் நடுங்குகிறது.

உங்கள் கதை வேறு. சிப்பிப்பாறைக்கு ரோமமும் குட்டை, தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. ஸ்வெட்டர் போடுவதென்றால் இதற்குப் போடுங்கள், ராத்திரிக்கு மட்டும். படுக்க ஒரு பலகை, தரையிலிருந்து அரையடி உயரம், மேலே இரண்டு கோணி, காற்று வரும் பக்கம் தார்ப்பாய். கோணி பனியில் நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரக் கோணிக்கு வெறும் பலகையே தேவலை. இரவுச் சோற்றைக் கால் பங்கு கூட்டலாம். மூடிய ஷெட்டுக்குள் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. விஷவாயு சேர்ந்தால் நாயும் போகும், கூடப் படுத்த ஆளும் போவார்.

ஊர், பெயர் இல்லை: அவசரம்! நாய் நடுங்குகிறது. என்ன மருந்து?

வயது? இனம்? சாப்பிட்டதா? ஊசி போட்டதா? ஒரு விவரமும் இல்லை, ஆச்சரியக்குறி மட்டும் இருக்கிறது. குளிர், காய்ச்சல், வலி, பயம், விஷம், குட்டி போட்ட தாய்க்குக் கால்சியம் குறைவு, எதனாலும் நடுங்கும். எனக்கு எழுதிய நேரத்தில் கால்நடை மருந்தகத்துக்குப் போய் வந்திருக்கலாம். நூறு, இருநூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101லிருந்து 102.5 வரை சாதாரணம். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் சொல்லாதீர்கள்.

குடியாத்தம்: 50 நாள் குட்டி, ஒன்றரைக் கிலோ. மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது. மெடிக்கலில் கேட்டுப் பாராசிட்டமால் 500 பாதி கொடுத்தோம். பக்கத்து வீட்டு மாமா சொன்னார் என்று ஒரு மூடி பிராந்தியும் கொடுத்தோம். சரியாகவில்லை.

எப்படிச் சரியாகும்? கணக்குப் போடுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்றால், 60 கிலோ மாமாவுக்கு ஒரே வேளையில் இருபது மாத்திரை. அவர் விழுங்குவாரா? குட்டியின் ஈரல் மட்டும் இரும்பா? இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்துவிட்டு, வயிற்றில் ரத்தம் கசிய, சிறுநீரகம் கெட, தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களும் உண்டு. மனுஷ மாத்திரையைத் தொடாதீர்கள் என்று வருஷா வருஷம் எழுதுகிறேன்.

பிராந்தி சூடு தரும் என்பது அடுத்த கூத்து. சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரியவைத்து உள்சூட்டை வெளியே விடும், குட்டிக்குச் சர்க்கரையையும் இறக்கும். உடம்பு கதகதப்பாகத் தெரியும், உள்ளே சில்லிட்டுக்கொண்டிருக்கும். தைலம் தடவுவதும் வேண்டாம், அதிலுள்ள கற்பூரத்தை நக்கிவிடும்.

முக்கியமாக, இது வெறும் சளிதான் என்று யார் சொன்னது? கண்ணில் மஞ்சள் பீளை, காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்குதல் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸ் குளிரில் வெளியே கூடுதல் நேரம் தாங்கும். முற்றினால், வாயில் ஒன்றுமில்லாமலே பபிள்கம் மெல்வது போலத் தாடை வெட்டும், பிறகு வலிப்பு. அதைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு. 45 நாளில் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி தனி. விற்றவர் ‘எல்லாம் போட்டாச்சு’ என்றால் புத்தகத்தைக் கேளுங்கள், அதில் மருந்துப் புட்டியின் லேபிள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

இன்றே டாக்டரிடம் போங்கள். மாத்திரை, பிராந்தி இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆற்காடு: 12 வயது பொமரேனியன், காலையில் எழ முடியவில்லை.

மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். டைல்ஸ் தரையில் படுக்கவிடாதீர்கள், கனமாக ஜமுக்காளம் விரியுங்கள். வெயில் வந்தபின் நடத்துங்கள், எடையைக் குறையுங்கள். வலி மாத்திரைக்கு டாக்டர், மெடிக்கல் அல்ல.

ஆம்பூர்: குளிருக்கு பிரியாணி எலும்பு கொடுக்கலாமா?

கூடாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும்.

சத்துவாச்சாரி: எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது? குளிர் காலத்தில் உண்ணி மருந்தை நிறுத்தலாமா?

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. நண்பகலில், வெதுவெதுப்பான தண்ணீரில். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஈரம் போகத் துடைப்பது முக்கியம். மருந்தை நிறுத்தக் கூடாது. நம் ஊர்க் குளிருக்கு உண்ணி சாகாது, சுவர் விரிசலில் சுகமாக இருக்கும். மண்ணெண்ணெய் தடவுகிறேன் என்று யாராவது அடுத்த வாரம் எழுதினால் பதில் வராது.