நானூறு இருக்கை மண்டபமா, ஐம்பது பேர் அறையா?

கேள்வி: சிறிய நகரம் ஒன்றில் வேலை நேரம் போக நாடகம் போடும் குழு நாங்கள். ஒரு மணி நேர நாடகம் ஒத்திகையில் இருக்கிறது. 400 இருக்கை உள்ள நகர மண்டபத்தை ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்து, ஒரே காட்சியாக நடத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஐம்பது பேர் உட்காரும் ஓர் அறையைத் தேடுங்கள், நான்கு காட்சிகள் போடுங்கள். புதிய குழுவுக்கு 120 பேர் வந்தாலே நல்ல கூட்டம். அவர்களை 400 நாற்காலிகளுக்கு நடுவே சிதறவிட்டால் சிரிப்புகூட எழும்பாது. சிரிப்பு பக்கத்து நாற்காலியிலிருந்துதான் தொற்றும். அதோடு, சிறு நகரத்தில் சுவரொட்டியைவிட வாய்ப்பேச்சுதான் ஆளைக் கூட்டிவரும். ஒரே காட்சி என்றால், பார்த்தவர் ஊரெல்லாம் புகழ்ந்தும் பயனில்லை. இரண்டு வார இறுதிகளில் பிரித்துப் போடுங்கள். பேச்சு பரவ நடுவில் நாள் கிடைக்கும்.

மண்டபம் இல்லாதது குறையே அல்ல. 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் முதல் கலைவிழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டுக் குழுக்கள் தாங்களே இடம் பிடித்து நாடகம் போட்டன. அழைப்பில்லாமலே குழுக்கள் பங்கேற்கும் ஃபிரிஞ்ச் (விளிம்பு) என்ற விழா வகையே அதிலிருந்து வந்ததுதான். நூலகக் கூடம், வகுப்பறை, காலியாகக் கிடக்கும் கடை எல்லாம் தோதுப்படும்.

அறையைப் பார்க்கப் போகும்போது, காட்சி தொடங்கும் அதே நேரத்தில் போங்கள். வெளிச்சமும் தெருச்சத்தமும் அப்போதுதான் தெரியும். கைதட்டிப் பாருங்கள், எதிரொலி நீண்டால் வசனம் குழம்பும், கனத்த திரைகள் ஓரளவு அடக்கும். வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றனவா, அவற்றை நாற்காலிகள் அடைக்காதா என்பதில் சமரசமே கூடாது. தாமதமாக வருபவர் நடிப்பிடத்தின் குறுக்கே நடக்காதபடி வாசல் அமைய வேண்டும்.

தரை சமதளம் என்றால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு, தரையில் உட்கார்ந்து நடிப்பவர் தெரியவே மாட்டார். இதைப் பல இயக்குநர்கள் முதல் காட்சியன்றுதான் கண்டுபிடிக்கிறார்கள்! இருக்கைகளை அரைவட்டமாக மூன்றே வரிசையில் போடுங்கள், அல்லது முக்கியமான காட்சிகளை நின்றபடி நடக்கும்படி மாற்றுங்கள்.

விளக்கில் ஆசைப்படாதீர்கள். முன்னால் இரு பக்கமும், சற்று உயரத்திலிருந்து, சாய்வாக, பக்கத்துக்கு ஒரு எல்இடி விளக்கு போதும், முகம் தெளியும். பழைய ஹாலஜன் விளக்குகள் ஒன்றே 500 அல்லது 1000 வாட் இழுக்கும். பலவற்றைச் சேர்த்துப் போட்டால் சாதாரண அறையின் மின்இணைப்பு தாங்காமல் போகலாம்.

முதல் காட்சிக்கு முந்தைய நாள், அதே அறையில், நடிப்பை விட்டுவிட்டு விளக்கும் ஒலியும் மாறும் இடங்களை மட்டும் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். முழு ஒத்திகையோடு இதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

நாடகம் இன்னொருவர் எழுதியதா? அதன் பதிப்புரிமை இன்னும் நீடிக்கிறது என்றால் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். நுழைவு இலவசம் என்பதால் மட்டும் எல்லா நாடுகளிலும் விலக்குக் கிடைத்துவிடாது. பெரும்பாலான நாடுகளில் ஆசிரியர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. அதையும் கேட்டு வாங்குங்கள்.